டிவிக்குப் பின்னால் ஒரு பழைய அலுவலகக் கணினி

வீட்டு டிவியோடு நிரந்தரமாக இணைத்து வைக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், கையில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை, என்ன வாங்கலாம்? இந்தக் கேள்வியோடு கடைக்குப் போகிறவருக்கு ஐ5, 16 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதில் பாதி, படம் பார்க்கிறவருக்குத் தேவையே இல்லாதது. உண்மையில் தேவையான இரண்டு மூன்று விஷயங்கள் அந்தத் தாளில் இடம்பெறுவதே இல்லை. தெரிந்தவர்கள் வீடுகளில் இந்த வேலையைச் செய்து கொடுத்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: குறைந்த செலவில் கட்டும் ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டருக்குப் பெரிய சக்தி வேண்டாம். எந்தெந்த வீடியோ வடிவங்களை அதன் சிப் சிரமமில்லாமல் விரித்துக் காட்டும் என்பதைப் பார்த்து வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தை ஒலிக்கும் சேமிப்புக்கும் ஒதுக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தாக வேண்டும்.

டிவிக்குக் கீழே கம்ப்யூட்டர் என்ற எண்ணம் புதியதல்ல. விண்டோஸ் எக்ஸ்பியின் மீடியா சென்டர் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2002-ல் வெளியிட்டது. சோபாவில் உட்கார்ந்தபடி ரிமோட்டால் இயக்கும்படி பெரிய எழுத்துகளோடு வந்த திரை அது. ஏறக்குறைய அதே சமயத்தில், எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் ஓட்டுவதற்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் எக்ஸ்.பி.எம்.சி என்று வளர்ந்து, 2014-ல் கோடி என்று பெயர் மாறியது. மைக்ரோசாஃப்ட் தன் மீடியா சென்டரை 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது கைவிட்டது. ஆர்வலர்கள் எழுதிய கோடிதான் இன்றும் நிற்கிறது. இலவசம், மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இடையில் டிவிகளே ஸ்மார்ட் ஆகிவிட்டதால், சந்தா கட்டிப் பார்க்கும் படங்களுக்குக் கம்ப்யூட்டர் அவசியமில்லாமல் போனது.

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜியோஹாட்ஸ்டார் போன்றவற்றை மட்டுமே பார்க்கும் குடும்பத்துக்குக் கம்ப்யூட்டர் கட்டித் தருவது பணத்தை வீணடிப்பது. காரணம், இந்தச் சேவைகளின் பூட்டு. கூகிள் 2010-ல் வாங்கிய வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1, எல்3 என்ற நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறக்கும் வேலை முழுவதும் சிப்புக்குள் தனியாக ஒதுக்கிய பாதுகாப்பான பகுதியில் நடக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருளில் நடக்கும். டிவி, அதில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஆகியவற்றுக்கு எல்1 கிடைக்கிறது; கம்ப்யூட்டர் பிரவுசர்களுக்குப் பெரும்பாலும் எல்3தான். அதனால் அதே சந்தா, அதே இணைப்பு, ஆனால் கம்ப்யூட்டரில் படத்தின் தரத்தைச் சேவை நிறுவனமே குறைத்து அனுப்புகிறது. விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸ் 4கே வேண்டுமானால் எட்ஜ் பிரவுசர் அல்லது அவர்களுடைய ஆப், ஏழாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தைய சிப், எச்.டி.சி.பி 2.2 பாதுகாப்பு முறை உள்ள திரை எல்லாம் ஒருசேர அமைய வேண்டும். லினக்ஸில் 4கே கிடைக்கவே கிடைக்காது. விலை குறைந்த ஒரு ஸ்டிக் இதை எளிதாகச் செய்துவிடும்போது அதோடு போட்டி போட வேண்டியதில்லை.

ஸ்டிக் வாங்கும்போதும் தெரிந்த நிறுவனத்துடையதாகப் பாருங்கள். பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளில் எல்1 அனுமதி இருக்காது என்பது சிறிய குறை. பெரிய ஆபத்து, சிலவற்றில் தயாரிப்பிலேயே தீய நிரல் புகுந்து வருவது. பேட்பாக்ஸ் 2.0 என்று பெயரிடப்பட்ட இந்த வகைத் தொற்றைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ 2025 ஜூனில் பொது எச்சரிக்கையே விடுத்தது. வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை அப்படிப்பட்ட பெட்டிக்குக் கொடுப்பது நல்லதல்ல.

அப்படியானால் கம்ப்யூட்டர் யாருக்கு? சொந்தமாகச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு. காசு கொடுத்து வாங்கிய டிவிடி, ப்ளூ-ரே, கல்யாண வீடியோ, பிள்ளைகளின் ஆண்டு விழா, கோயில் கும்பாபிஷேகம், இறந்துபோன தாத்தா பேசிய பதிவு, பத்து வருடத்துப் போன்களிலிருந்து இறக்கிய துண்டு வீடியோக்கள். இவற்றைப் பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் பாதி ஓடாது. சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டி.டி.எஸ் ஒலியை ஆதரிப்பதை நிறுத்தியது, எல்.ஜியும் 2020 முதல் சில ஆண்டுகள் நிறுத்தியிருந்தது. படம் ஓடும், ஒலி மட்டும் வராது, ‘ஆடியோ ஆதரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி தோன்றும். விசிடி காலத்து ‘டாட்’ கோப்புகளையும் எக்ஸ்விட் முறையில் சுருக்கிய பழைய கோப்புகளையும் புதிய டிவிகள் பல திறக்கவே மறுக்கும். கோடியோ வி.எல்.சியோ ஓடும் எளிய கம்ப்யூட்டர் இவை அத்தனையையும் தகராறு செய்யாமல் ஓட்டும். இந்த வேலைக்காகத்தான் அதைக் கட்ட வேண்டும். ஓ.டி.டிக்கு ஸ்டிக் ஓர் எச்.டி.எம்.ஐ துளையில் இருக்கட்டும், கம்ப்யூட்டர் இன்னொன்றில் இருக்கட்டும்.

இனி சிப். வீடியோ கோப்பு என்பது சுருக்கி மடித்த தரவு. அதை நொடிக்கு 24 அல்லது 25 தடவை விரித்துக் காட்ட வேண்டும். அந்த வேலைக்கென்றே சிப்புக்குள் ஒரு தனிப் பகுதி உண்டு. இன்டெல் இதைக் குவிக்சிங்க் என்ற பெயரில் 2011-ல் இரண்டாம் தலைமுறை சிப்புகளோடு கொண்டுவந்தது. அந்தப் பகுதிக்கு ஒரு வடிவம் தெரிந்திருந்தால் ப்ராசஸர் ஏறக்குறைய சும்மா இருக்கும். மின்விசிறிச் சத்தமே கேட்காது. தெரியாவிட்டால் முழு ப்ராசஸரும் முட்டி மோதி அந்த வேலையைச் செய்தாக வேண்டும். எச்.264 வடிவத்தை 2011-க்குப் பிந்தைய ஏறக்குறைய எல்லா இன்டெல் சிப்பும் விரிக்கும். 4கே ப்ளூ-ரேயில் வரும் எச்.இ.வி.சி வடிவத்தின் 8-பிட் வகையை 2015-ல் வந்த ஆறாம் தலைமுறை விரிக்கும். ஆனால் 4கே வட்டுகள் 10-பிட் வகையில் வருபவை. அதையும், யூடியூபின் விபி9 வடிவத்தையும் முழுதாக விரிப்பது ஏழாம் தலைமுறையிலிருந்துதான். யூடியூப் இப்போது அதிகம் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும் ஏவி1 வடிவத்துக்குப் பதினொன்றாம் தலைமுறை வேண்டும்.

பழைய கணினி விற்கும் கடைகளில் ‘ஐ5 சார், ஐ7 சார்’ என்றுதான் சொல்வார்கள். படம் பார்க்கிறவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. அதையடுத்து வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். ஐ7-4770 என்றால் நான்காம் தலைமுறை. அந்தக் காலத்தில் விலை உயர்ந்த, வேகமான சிப், ஆனால் எச்.இ.வி.சி விரிக்கும் பகுதி அதில் கிடையாது. 4கே படத்தைப் போட்டால் மின்விசிறி இரைச்சலோடு திணறும். ஐ3-7100டி அதைவிடப் பலவீனமான சிப், விலையும் குறைவு. அதே படத்தைச் சலனமே இல்லாமல் ஓட்டும். கடைசியில் வரும் ‘டி’ என்ற எழுத்து 35 வாட் வகை என்பதைக் குறிக்கும். கூடத்தில் வைக்கும் கணினிக்கு அந்த வகைதான் பொருந்தும்.

இந்த டி வகைச் சிப்புகள் அதிகம் கிடைப்பது, வங்கிகளும் ஐ.டி அலுவலகங்களும் கழித்துக் கட்டும் குட்டிக் கணினிகளில். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி எலைட்டெஸ்க் மினி, லெனோவா திங்க்சென்டர் டைனி ஆகிய மூன்று வரிசைகளும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவுதான். டிவிக்குப் பின்னாலேயே திருகி மாட்டிவிடலாம். இவை இப்போது சந்தையில் குவிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறாது. அலுவலகத்துக்கு ஆகாத ஏழாம் தலைமுறைக் கணினி, லினக்ஸ் போட்டுப் படம் பார்க்கும் வீட்டுக்கு மிகப் பொருத்தம். 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறிய பிறகு இந்தக் கணக்கு இன்னும் வலுத்திருக்கிறது. புதிதாக அசெம்பிள் செய்தால் ராமுக்கே பெரிய தொகை போய்விடும்; பழைய குட்டிக் கணினியில் 8 ஜிபி ராமும் ஒரு எஸ்.எஸ்.டியும் உள்ளேயே இருக்கும்.

சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ் என்று இவற்றுக்குப் பெரிய சந்தைகள் உண்டு; இணையக் கடைகளிலும் ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில் விற்கிறார்கள். தலைமுறை, ராம், வாரண்டி ஆகியவற்றைப் பொறுத்து எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் வரை சொல்வார்கள். நேரில் வாங்கினால் கடையிலேயே ஓடவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்து மின்விசிறியைக் கேளுங்கள். கரகரவென்றால் அது தேய்ந்துவிட்டது. இந்த வகைக்கு மாற்று விசிறி தேடுவது அலைச்சல். பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். பழைய அலுவலகம் போட்ட கடவுச்சொல் இருந்தால் வாங்காதீர்கள். வைஃபை கார்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கேபிள் இணைப்பில் ஓடிய அலுவலகக் கணினிகள் பலவற்றில் அது இருக்காது. அடாப்டர் அந்தந்த நிறுவனத்தின் அசலாக இருக்கட்டும். டெல் கணினி தன் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் ப்ராசஸர் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாங்கியவர் கணினியே மந்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

செலவே இல்லாத வழியும் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிய லேப்டாப், திரை உடைந்தோ பேட்டரி செத்தோ பல வீடுகளில் பரண்மேல் கிடக்கிறது. எச்.டி.எம்.ஐ துளை இருந்து, மெஷின் ஓடினால், டிவிடிக்கும் கல்யாண வீடியோவுக்கும் ஃபுல் எச்.டி எச்.264 படங்களுக்கும் அது தாராளம். 4கே டிவி இல்லாத வீட்டில் 4கே விரிக்கும் சிப்புக்கு என்ன வேலை? செத்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, லிப்ரெஇலெக் என்ற மிகச் சிறிய லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றிச் செருகிப் பாருங்கள். கோடியை ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத அமைப்பு அது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பென் டிரைவிலிருந்து ஓடும். பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம்.

ராஸ்பெரி பையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். 2012-ல் 35 டாலருக்கு வந்தபோது அந்தப் புகழ் நியாயமானது. இன்று பலகையோடு பவர் சப்ளை, கூடு, குளிர்விப்பான், மெமரி கார்டு எல்லாம் சேர்த்தால் பழைய குட்டிக் கணினியின் விலையை நெருங்கிவிடுகிறது. 2023-ல் வந்த பை 5 எச்.இ.வி.சியை விரிக்கும், விபி9-க்கும் ஏவி1-க்கும் அதில் தனிப் பகுதி இல்லை. டிவி ரிமோட்டிலேயே இயங்கும் சி.இ.சி வசதி அதில் உண்டு என்பது மட்டும் பெரிய அனுகூலம். புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர்களுக்கு இன்டெல் 2023-ல் கொண்டுவந்த என்100 சிப் உள்ள குட்டிக் கணினி நல்ல தேர்வு. 6 வாட் வகை, ஏவி1 உட்பட எல்லாவற்றையும் விரிக்கும். பட்ஜெட்டில் ஒலிக்கும் டிஸ்க்குக்கும் மிச்சம் வைக்காது, அவ்வளவுதான். தனி கிராபிக்ஸ் கார்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எச்.டி.எம்.ஐயில் ஒரு பொறி இருக்கிறது. ஆறாம், ஏழாம் தலைமுறை அலுவலகக் கணினிகளின் எச்.டி.எம்.ஐ துளை பெரும்பாலும் 1.4 வகை. அது 4கேயை நொடிக்கு 30 தடவைக்கு மேல் அனுப்பாது. நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) கொண்ட படத்துக்கு அது போதும். ஆனால் மெனுவும் மவுஸும் இழுவையாக இருக்கும், 60 சட்டகக் கிரிக்கெட் வீடியோ துள்ளும். பக்கத்திலேயே இருக்கும் டிஸ்பிளேபோர்ட் துளை 4கே 60 அனுப்பும். அதை எச்.டி.எம்.ஐ 2.0 ஆக மாற்றும் ‘ஆக்டிவ்’ அடாப்டர் வாங்க வேண்டும். விலை மலிந்த சாதா அடாப்டர் பழைய எல்லையிலேயே நிற்கும். ஃபுல் எச்.டி டிவிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கோடி நிறுவியதும் முதலில் மாற்ற வேண்டியது, படத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றும் அமைப்பு. சினிமா 24 சட்டகம். கணினியிலிருந்து டிவிக்கு 60 தடவை போகும்போது ஒரு சட்டகம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையும் காட்டப்படும். கேமரா வயல்வெளியைக் குறுக்காகக் கடக்கும் காட்சியில் வரப்புகள் லேசாக உதறுவது இதனால்தான். இந்த அமைப்பை இயக்கினால் சினிமாவுக்கு 24, பழைய இந்திய வீடியோக்களுக்கு 50 என்று டிவி தானே மாறிக்கொள்ளும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தாலோ, இருட்டுக் காட்சியில் ஒன்றுமே தெரியாவிட்டாலோ கணினியும் டிவியும் வண்ண எல்லையில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டிலும் ‘லிமிடெட்’ என்று வையுங்கள்.

கல்யாண வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் திரும்ப எடுக்க முடியாது. விஎச்எஸ் காலத்திலிருந்து டிவிடி காலம்வரை எடுத்த வீடியோக்களில் பெரும்பாலானவை நொடிக்கு 50 அரைச் சட்டகங்களாகப் பதிவானவை: ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை வரிகள். பழைய பெட்டி டிவி அதை அப்படியே காட்டியது. இன்றைய திரையில் இரண்டு அரைகளையும் ஒட்டிக் காட்டினால், நகரும் பொருள்களின் ஓரம் சீப்புப் பல்லாகப் பிளக்கும். மணப்பெண் திரும்பும்போது சேலைச் சரிகை ஓரம் கோடுகோடாகத் தெரியும். தவில்காரர் கை அடையாளமே தெரியாது. டிவியின் யூ.எஸ்.பி ப்ளேயரில் பல சமயம் இப்படித்தான் ஓடும். கணினியில் ‘டீஇன்டர்லேஸ்’ அமைப்பை இயக்கி, யாடிஃப் அல்லது பி.டபிள்யூ.டிஃப் என்ற முறையை இரட்டை வேகத்தில் தேர்ந்தெடுத்தால் 50 அரைகளும் 50 முழுச் சட்டகங்களாக விரியும். அசைவு வழவழப்பாக வரும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து புதுப்பிக்கக் கொடுத்ததுபோல் தெரியும், செலவு ஒன்றுமில்லை.

அந்த டிவிடிகளை அப்படியே வைத்திருக்கவும் கூடாது. எழுதக்கூடிய வட்டுகளில் தரவு நிற்பது ஒரு சாயப் பூச்சில். நம் ஊர் வெக்கையில் பீரோவுக்குள் கிடக்கும்போது அது மெல்ல மெல்லச் சிதையும். ஒரு யூ.எஸ்.பி டிவிடி டிரைவ் வாங்கி, மேக்எம்கேவி போன்ற மென்பொருளால் மறுபடி சுருக்காமல் அப்படியே ஒரே கோப்பாக எடுத்துவிடலாம். கீறல் விழுந்து பாதியில் நிற்கும் வட்டுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முடியாதவற்றுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் முயலும் கருவி அது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று சின்னதாகச் சுருக்கி வைத்துவிட்டு வட்டைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். முழு டிவிடியே 4.7 ஜிபிதான். 2 டெராபைட் டிஸ்க்கில் நானூறு வட்டுகள் அடங்கும்.

நம் மொழிக்கு மட்டும் வரும் சிக்கல்கள் இரண்டு. தமிழில் வசன வரிகள் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரிவது, எழுத்துருவில் தமிழ் இல்லாததால். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கோடியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டுத் தேர்ந்தெடுத்தால் தீரும். எழுத்து வந்தும் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அந்த மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். பழைய பதிப்பாக இருந்தால் புதுப்பியுங்கள், அல்லது எம்.பி.வி என்ற ப்ளேயரில் ஓட்டுங்கள். அடுத்தது படங்களின் பெயர். கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் கோடி போஸ்டரையும் விவரத்தையும் இணையத்திலிருந்து எடுக்கும். தமிழில் பெயர் திரும்பத் திரும்ப வரும்: விக்ரம் 1986-லும் 2022-லும், பொல்லாதவன் 1980-லும் 2007-லும், தில்லு முல்லு 1981-லும் 2013-லும் வந்தன. ஆண்டு சேர்க்காமல் பெயர் வைத்தால் ரஜினி படத்துக்குத் தனுஷ் போஸ்டர் ஒட்டிக்கொள்ளும். பெயர், அடுத்து அடைப்புக்குறிக்குள் ஆண்டு. இந்த ஒழுங்கை முதல் கோப்பிலிருந்தே கடைப்பிடித்தால் பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும்.

ஒலிக்குப் பணம் வையுங்கள் என்று சொன்னேன். மெல்லிய டிவிகளின் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்நோக்கியோ ஒலிக்கும். பாட்டு வந்தால் வீடு அதிரும், வசனம் வந்தால் ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆறு சேனலில் கலந்த ஒலியை இரண்டில் அமுக்கும்போது, வசனம் நிற்கும் நடுச் சேனல் அடங்கிப்போவது இதற்கு ஒரு காரணம். கோடியில் நடுச் சேனலை மட்டும் உயர்த்தும் அமைப்பு இருக்கிறது. ஸ்பீக்கர் வாங்கும் முன் அதை முயன்று பாருங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அதுவே பெரிய உதவி.

அடுத்த படிக்கு நம் ஊரில் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. சான்யோவின் 4440 ஐ.சி போட்ட ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆரம்பித்து, ஊருக்கு ஊர் ஆம்ப் அசெம்பிள் செய்யும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஆறு உள்ளீடு கொண்ட 5.1 ஆம்ப் ஒன்றைப் பழையதாகவோ சொல்லிச் செய்தோ வாங்கிவிடலாம். பெரிய பிராண்டு ஏ.வி ரிசீவருக்குப் போகும் பணத்தில் பெரும்பங்கு, டால்பியையும் டி.டி.எஸ்ஸையும் விரிக்கும் பகுதிக்கானது. அந்த வேலையைக் கோடி இலவசமாகவே மென்பொருளில் செய்துவிடும். செய்ய வேண்டியது: ஆறு சேனல் அனலாக் வெளியீடு உள்ள யூ.எஸ்.பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கி, அதன் பச்சை, கறுப்பு, ஆரஞ்சுத் துளைகளிலிருந்து ஆம்புக்கு மூன்று ஒயர் இழுப்பது. பச்சை முன்பக்க இரண்டு, கறுப்பு பின்பக்க இரண்டு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கரும் சப்வூஃபரும். கோடியில் சேனல் எண்ணிக்கையை 5.1 என்று வைத்து, ஒலியை விரிக்காமல் அப்படியே அனுப்பும் ‘பாஸ்த்ரூ’வை அணைத்துவிடுங்கள். நடுவும் சப்வூஃபரும் இடம் மாறி வந்தால் ஆரஞ்சு ஒயரின் சிவப்பு, வெள்ளை முனைகளை மாற்றிச் செருகினால் போதும். ஆப்டிகல் ஒயர் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ் 5.1 இரண்டையும் சுமக்கும், ப்ளூ-ரேயின் ட்ரூஎச்.டியை அப்படியே சுமக்காது. அனலாக் வழியில் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. இரண்டு ஸ்பீக்கருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் நல்ல இரண்டை வாங்குங்கள்; மட்டமான ஆறைவிட அது மேல்.

கரன்ட் கணக்கைப் போட்டுவிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டோடு கூடிய பழைய டவர் கணினி சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்தால், இரவுபகல் ஓடவிட்ட இரண்டு மாதத்தில் 86 யூனிட். குட்டிக் கணினி 10 வாட் என்றால் 14 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை வைத்துப் பாருங்கள்: டவர் அந்த இலவசத்தை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும். இலவசமாகக் கிடைக்கும் பழைய டவர் உண்மையில் இலவசமல்ல. மே மாதத்தில் மரக் கப்போர்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். டிவியின் முதுகில் காற்றுபடும் இடத்தில் மாட்டுங்கள். கரன்ட் போய் வந்தால் தானே ஓடத் தொடங்கும்படி பயோஸில் ஓர் அமைப்பு உண்டு, அதை இயக்கிவையுங்கள். படம் இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கும் கணினியும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதுதான் டிஸ்க்கைக் கெடுக்கும்.

ரிமோட்டைக் கடைசி நிமிடத்துக்கு விட்டால், கணினியை ஒருவர் மட்டும் இயக்குவார், மற்றவர்கள் பழைய சேனலுக்கே திரும்பிவிடுவார்கள். போனில் கோரே என்ற இலவச ஆப் ரிமோட்டாக வேலை செய்யும். அம்மாவுக்கு அது சரிவராது. அம்புக்குறிகளும் ஓகே பொத்தானும் உள்ள யூ.எஸ்.பி ரிமோட் சில நூறு ரூபாய்தான். கணினி தொடங்கியதும் நேரே கோடி திறக்கும்படி வைத்துவிட்டால் அந்த ஐந்து பொத்தான்களே போதும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் முதல் மாதம் ரிமோட்டும் டிவிடி டிரைவும் மட்டும் வாங்கி, கல்யாண வட்டுகளை எடுக்க ஆரம்பியுங்கள். அவை எடுத்து முடிவதற்குள், அந்த வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பிறகு ஏழாம் அல்லது எட்டாம் தலைமுறைக் குட்டிக் கணினி. அதற்கடுத்து சவுண்ட் கார்டும் ஆம்பும். 4கே டிவி வரும் நாளில் ஆக்டிவ் அடாப்டர். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஆரம்பத்திலேயே இரண்டாக வாங்குங்கள். ஒன்று டிவிக்குப் பின்னால் ஓடட்டும். அதன் நகலான இன்னொன்று, தங்கை வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ இருக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது கொண்டுவந்து புதியவற்றைச் சேர்த்துத் திருப்பி வைத்துவிடலாம்.